வரி கட்டிய காணிக்கை

என் மகள் செய்ததை நானே காசு கொடுத்து வாங்கினேன். அதற்கு அரசாங்கம் என்னிடம் பதினெட்டு ரூபாய் வரி கேட்டது. அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

அது செல்போனில் ஆடுகிற ஒரு விளையாட்டு. சைக்கிள் கேரியரில் கண்ணாடிக் குடுவைப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு வழுக்கைத் தலை ஆள் காளவாசல் சந்திப்பைக் கடக்க வேண்டும். நாலு பக்கமும் பஸ்ஸும் ஆட்டோவும் வரும். இடித்தால் சிலீர் என்று கண்ணாடி உடையும். மறுபடி முதலிலிருந்து போக வேண்டும். அவ்வளவுதான். இதைச் செய்ய அவளுக்கு ஒன்றரை வருடம் ஆனது.

சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து அதைச் செய்தாள். நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்தாம் வகுப்பை இரண்டாவது தடவை எழுதித் தேறியவன். அறைக்குள் உட்கார்ந்து திரையைப் பார்ப்பதை வேலை என்று என் மனம் ஏற்கவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனைக்கு முன்னால், ஆலய வாசலில் இருக்கும் ஜெபப் பெட்டியில் ஒரு சீட்டு எழுதிப் போட்டுவந்தேன். "வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் மகளுக்கு நல்ல வேலை கிடைக்க ஜெபிக்கவும்." பெயர் எழுத மாட்டேன். ஆனால் போதகர் அதை வாசித்ததும் சபை முழுவதும் எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கும்.

ஒரு ஞாயிறு அவள் கிளம்பவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நான் காலையில எட்டு மணிக்கு உக்காந்தா ராத்திரிதான் எந்திரிக்கேன். அதுக்குப் பேரு வேலையில்லாம இருக்குறதாப்பா? அந்தச் சீட்டு என்னைக்கு நிக்குதோ அன்னைக்கு வாரேன்."

நான் சீட்டை நிறுத்தவில்லை. அவளும் வரவில்லை. ஏழு மாதம் அப்படியே போயிற்று. நடுவில் என் மனைவி இருந்துகொண்டு, இரண்டு பக்கமும் சாப்பாடு போட்டாள்.

விளையாட்டு ஒரு வெளிநாட்டு இணையக் கடையில் விற்பனைக்கு வந்த அன்று, "மொத ஆளா நீங்க வாங்குங்க" என்று மனைவி என்னைப் பிடித்துத் தள்ளினாள். விலை நூறு ரூபாய். என் போனில் பணம் கட்டும் இடத்துக்கு வந்தபோது நூற்றுப் பதினெட்டு என்று காட்டியது.

"பாப்பா, பதினெட்டு ரூவா எதுக்கு?"

"ஜிஎஸ்டிப்பா."

"நீ என் மக. என் வீட்டுல, என் கரண்டுல, உங்கம்மா போட்ட காப்பியக் குடிச்சுட்டு செஞ்சிருக்க. பின்னறையில இருந்து முன்னறைக்கு வர்றதுக்கு எதுக்கு வரி?"

"அது பின்னறையில இருந்து வரலப்பா. எங்கயோ போயிட்டு வருது."

"ஆண்டவரே பத்துல ஒண்ணுதாம்மா கேக்குறாரு. இவங்க நூத்துக்குப் பதினெட்டு கேக்குறாங்க. அவரு மழையாச்சும் குடுக்குறாரு."

"கடைக்காரன்ட்ட சொல்லி உங்களுக்கு மட்டும் தள்ளுபடி வாங்க முடியாது. கட்டுங்க."

கட்டினேன். எனக்குக் கைக்கு எதுவும் வரவில்லை. ஒரு பொட்டலம் இல்லை, பை இல்லை. பில் மட்டும் வந்தது. அதைக் காளவாசலில் ஒரு கடையில் இருபது ரூபாய் கொடுத்து அச்செடுத்து வந்தேன். வாங்கியதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும் அல்லவா?

அடுத்த மாதம் எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகை. விளைந்ததில் முதலாவதை ஆண்டவருக்குக் கொண்டுவந்து வைப்போம். டி. கல்லுப்பட்டிப் பக்கம் நிலம் உள்ளவர்கள் மக்காச்சோளம் மூட்டையாகக் கொண்டுவருவார்கள். நிலம் இல்லாத எங்களைப் போன்றவர்கள் மார்க்கெட்டில் பூசணிக்காயாவது வாங்கி வருவோம். வேலையில் சேர்ந்தவர்கள் முதல் சம்பளத்திலிருந்து கொடுப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பொருட்களை ஏலம் விட்டு, பணத்தைச் சபைக்குச் சேர்ப்பார்கள். ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரம் ரூபாய்க்குப் போவதும் உண்டு.

அந்த வாரம் மகள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"என் முதல் விளைச்சலையும் வைக்கணும்ப்பா. சபையில வாங்கிக்கிட்டாங்கன்னா நான் சர்ச்சுக்கு வாரேன். வாங்கலைன்னா இனிமே என்னைக் கூப்பிடாதீங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் தட்டில் கை அசையாமல் இருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். இதை நான் முடித்துக் கொடுக்காவிட்டால் என் பிள்ளை ஆலயத்துக்கே வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

விளையாட்டை எப்படிக் காணிக்கை வைப்பது? அந்த இணையக் கடையில் இன்னொருவருக்குப் பரிசாகவும் வாங்கலாமாம். வாங்கினால் பன்னிரண்டு எழுத்துள்ள ஒரு ரகசிய எண் வரும். அதைப் போனில் போடுகிறவருக்கு விளையாட்டு சொந்தம். ஒருவர்தான் போட முடியும். நான் பரிசு ஒன்று வாங்கினேன். மறுபடியும் பதினெட்டு ரூபாய். இந்தத் தடவை முனகாமல் கட்டி, அந்தப் பில்லையும் அச்செடுத்து வைத்துக்கொண்டேன். எண்ணை ஒரு அட்டையில் எழுதி, மேலே மஞ்சள் ரிப்பன் கட்டினாள் மனைவி.

அட்டையோடு கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன். எங்கள் சபைச் செயலாளர் அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு பிரதி இல்லாமல் நம்பமாட்டார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொருள் எங்கண்ணே?"

"அதான் சார் பொருளு."

"இது அட்டை. பொருளக் கேக்குறேன். மேசையில எதை வைக்கிறது? பூசணிக்காய்க்குப் பக்கத்துல காத்தையா வைக்கிறது? கண்ணுக்குத் தெரியாததக் காணிக்கையா எழுதுனா நாளைக்கு ஆடிட்டர் என்னைய என்ன கேப்பாரு?"

"கண்ணுக்குத் தெரியாதவரத்தானே சார் கும்புடுறோம்?"

போதகர் இருமினார். செயலாளர் அசையவில்லை.

"அது விசுவாசம். இது ரிஜிஸ்டரு. ரெண்டும் வேற. பிள்ளை மனசு நோகுமேன்னு வேணா, ஒரு பூசணிக்காய் வாங்கிட்டு வந்து அதும் பேர்ல வைங்க."

அவள் ஒன்றரை வருடம் உட்கார்ந்ததற்குப் பதில் ஒரு பூசணிக்காய். அவள் செய்வது ஒன்றுமில்லை என்றுதானே நானும் இத்தனை நாளும் வாராவாரம் சீட்டில் எழுதிப் போட்டேன் என்று அப்போது உறைத்தது. சட்டைப் பையில் கையை விட்டேன். மடித்து வைத்திருந்த பில் தட்டுப்பட்டது. ஆண்டவர்தான் அதை அங்கே வைத்தார் என்பேன்.

"சார், நீங்க கவர்மெண்ட்ல இருந்தவங்க. நீங்களே சொல்லுங்க. இல்லாத பொருளுக்குக் கவர்மெண்ட்டு வரி வாங்குமா?"

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பில்லை வாசித்தார். முகம் மாறியது. குரலும் தாழ்ந்தது.

"ஐஜிஎஸ்டி போட்ருக்கான்."

"பதினெட்டு பெர்சண்ட்டு சார்."

"பில் நம்பர் இருக்கு. தேதி இருக்கு." பில்லை இரண்டு கையாலும் போதகரிடம் நீட்டினார். "ஐயா, பொருள் இருக்குங்கய்யா. வரி கட்டியிருக்கு."

பிறகு பதிவேட்டை விரித்து, பூசணிக்காய் நான்கு, சேவல் இரண்டு, மக்காச்சோளம் ஒரு மூட்டை என்பதற்குக் கீழே, அழகான கையெழுத்தில் எழுதினார்: விளையாட்டு, கண்ணுக்குத் தெரியாதது, வரி கட்டியது, ஒன்று. பில்லைப் பிரதி எடுத்து இணைத்தார். பூசணிக்காய்களைப் பார்த்து, "இதுக்கெல்லாம் பில்லே கெடையாது" என்று வருத்தப்பட்டார்.

பண்டிகையன்று மகள் புதுச் சேலை கட்டி எங்களோடு வந்தாள். மடிக்கணினிப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசலில் செருப்பைக் கழற்றிய இடத்தில் ஜெபப் பெட்டி இருந்தது. என் கை தானாகச் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டது. கமிட்டிக் கூட்டத்துக்குப் போவதற்கு முன்பே, வழக்கம்போலச் சனிக்கிழமை காலையில் எழுதி வைத்தது அது. போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. பெட்டிக்குப் பூட்டு. சாவி, போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம். அவர் ஏலத்துக்கு மைக் கட்டிக்கொண்டிருந்தார். அன்று ஏலம் முடிந்த பிறகுதான் சீட்டுகளை வாசித்து ஜெபிப்பதாக ஏற்பாடு. அதுவரை நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் என்று பேர்.

எங்கள் உபதேசியார் ஏலம் விடுவதில் கெட்டிக்காரர். எந்தப் பொருளையும் முழுக்க வர்ணித்துவிட்டுத்தான் விலை கேட்பார். எலுமிச்சம்பழம் என்றால் காம்போடு இருக்கிறதா, தோல் மெல்லிசா, யார் வீட்டு மரம், எல்லாம் சொல்வார். என் மகளின் அட்டையைக் கையில் எடுத்தார். அவருக்கு அதில் வர்ணிக்க இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அடுத்து வர்றது விளையாட்டு! வரி கட்டுன விளையாட்டு! இதுல என்ன எழுதியிருக்குன்னா..." என்று மைக்கில், ரகசிய எண்ணின் பன்னிரண்டு எழுத்தையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிதானமாக வாசித்தார். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையோ என்று மறுபடியும் ஒரு தரம் வாசித்தார்.

மகள் தலையில் கை வைத்தாள். "போச்சுப்பா" என்றாள்.

ஏலம் சூடு பிடித்தது. காளவாசலில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் என் மைத்துனர் முறையுள்ள ஒருவர் இரண்டாயிரத்து ஐநூறுக்கு எடுத்தார். கைதட்டல். அட்டையை வாங்கி, எண்ணைத் தன் போனில் அழுத்தினார். முகம் சுருங்கியது.

"மச்சான், ஏற்கெனவே பயன்படுத்தியாச்சுன்னு வருது. என்ன மச்சான் இது, ஏலத்துல எச்சியவா விக்கிறீங்க?"

ஆலயம் அமைதியானது. அந்த அமைதியில், முன்வரிசையில் எங்கேயோ சிலீர் என்று கண்ணாடி உடைந்தது. பிறகு சைக்கிள் மணி. மறுபடியும் சிலீர்.

செயலாளர் போனை மடிக்குள் ஒளித்தார். "சும்மா... வருதான்னு பாத்தேன்" என்றார். "சரிபாக்குறது என் கடமைல்ல?"

"சரிபாத்துட்டு நாலு தடவை பஸ்ஸுல மோதிட்டீரேய்யா!" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

செயலாளர் போனை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஆமா, இந்த வழுக்கைத் தலை ஆளு நீங்கதானண்ணே? பெடல் மிதிக்கும்போது இடது தோளு ஏறுது பாருங்க."

போன் கை மாறியது. பெஞ்சு பெஞ்சாகப் போனது. எல்லோரும் போனைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். வருடக்கணக்காக ஆய்வுக்கூடத்துக்கு நான்தான் சைக்கிளில் குடுவைப் பெட்டிகளைக் கட்டி, அந்தச் சந்திப்பைக் கடந்து கொண்டுவருவேன். ஒரு முறை விழுந்து, உடைந்ததற்கெல்லாம் சம்பளத்தில் பிடித்தார்கள். அவள் அப்போது இரண்டாம் வகுப்பு. இத்தனை நாளும் அந்த விளையாட்டை என் போனில் வைத்திருந்தும் அது நான்தான் என்று எனக்குத் தெரியவில்லை. என் இடது தோளை நானே எப்படிப் பார்ப்பேன்?

மகள் எழுந்து போனாள். பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே மேசையில் இடம் ஒதுக்கி, மடிக்கணினியைத் திறந்தாள். "மாமா, புது நம்பரு ஒண்ணு ஃப்ரீயா எடுத்துத் தாரேன்" என்றாள்.

"ஃப்ரீயா? அப்ப வரி?"

"ஃப்ரீன்னா வரி கெடையாது மாமா."

"அப்ப வேணாம். வரி போட்டாத்தான் பொருளு. செயலாளரு வச்சிருக்கது மட்டும் நெசம், நான் வச்சிருக்கது டூப்ளிகேட்டா? எனக்கு பில்லோட வேணும்."

அவள் எவ்வளவோ சொன்னாள். அவர் கேட்கவில்லை. கடைசியில் அவர் போனிலேயே இணையக் கடையைத் திறந்து, நூற்றுப் பதினெட்டு கட்டி வாங்கிக் கொடுத்தாள். பில் வந்ததும் அவர் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். உடனே ஒரு டீச்சர், "எனக்கும் வரியோட ஒண்ணு போடும்மா" என்று வந்தார். அவருக்குப் பின்னால் மக்காச்சோளக்காரர். அவருக்குப் பின்னால் வரிசை. வரி கட்டுவதற்கு மனிதர்கள் இடித்துக்கொண்டு நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். மேசைக்குக் கீழே சேவல் அவள் சேலையைக் கொத்திக்கொண்டிருந்தது. அவள் நிமிரவில்லை. ஒவ்வொரு போனாக வாங்கி, சொல்லிக் கொடுத்து, அடுத்தது, அடுத்தது என்று போய்க்கொண்டிருந்தாள்.

வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மா என்னிடம் கேட்டார். "அந்தப் பிள்ளை யாரு? என்ன பண்ணிக்கிட்டிருக்கு?"

"என் மகதாம்மா" என்றேன். "வேலை பாத்துக்கிட்டிருக்கா."

சொல்லி முடித்ததும் சீட்டு ஞாபகம் வந்தது. உபதேசியார் ஜெபப் பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் போதகரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் வாங்குவதற்குள் அவர் பீடத்தில் ஏறிவிட்டார். ஆண்டவரே, அந்த ஒரு சீட்டை மட்டும் பறக்க வையும் என்று கேட்டேன். காற்றே அடிக்கவில்லை. மூன்றாவதாக என் சீட்டு வந்தது. வாராவாரம் வாசித்த பழக்கத்தில் போதகர் பார்க்காமலே ஆரம்பித்தார்.

"வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் மகளுக்கு..."

நிறுத்தினார். மேசையைப் பார்த்தார். வரிசை இன்னும் முடியவில்லை. மகள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

நான் எழுந்து நின்றேன். சபையில் நான் எழுந்து பேசினது அதுதான் முதல் தடவை.

"ஐயா, அந்தச் சீட்டு தப்புங்கய்யா. ரொம்ப நாளாவே தப்பு. நாந்தான் எழுதுனேன்."

பேட்டரிக் கடைக்காரர் பில்லை ஆட்டிக்கொண்டு கத்தினார். "ஐயா, அதுக்கு வரியே கட்டியாச்சுங்கய்யா!"

போதகருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சீட்டை மடித்துத் தன் அங்கியின் பைக்குள் போட்டுக்கொண்டு, "அப்ப ஸ்தோத்திர ஜெபமா மாத்திருவோம்" என்றார். எல்லோரும் கண்ணை மூடினோம். நான் ஒரு கண்ணை மட்டும் கொஞ்சம் திறந்து பார்த்தேன். மகள் தலை குனிந்து, கைகளைக் கோத்திருந்தாள். அவள் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. ஜெபம் முடிகிற நேரத்தில் செயலாளரின் மடியில் இருந்த போனில் சைக்கிள் மணி அடித்தது. இந்தத் தடவை கண்ணாடி உடையவில்லை.

"தாண்டிட்டேன்!" என்றார் அவர், ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில்.