கதவைத் திறந்து வைக்கச் சொன்ன அக்கா

அக்கா நம்மை விட்டுப் போய் இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சங்கத்துப் பெண்களுக்கும் என் வணக்கம். அக்காவைப் பற்றி எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நானும் பல நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவரோடு பிறந்தவன் நான் ஒருவன்தான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் குப்பத்தில். எங்கள் அப்பா, நைனா, கடல் தொழில் செய்தவர். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடந்த ஓர் ஐப்பசியில் அலை அவர் படகைப் புரட்டிப் போட்டது. கூடப் போன மூன்று பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். நைனா வரவில்லை. அப்போது அக்காவுக்குப் பதினோரு வயது, எனக்கு மூன்று. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு ஏரியில் இறங்கினார்.

இறால் தடவுவது என்று எங்கள் பக்கம் சொல்வோம். தண்ணீரில் மண்டியிட்டு, சேற்றைக் கையால் துழாவி, அகப்படும் இறாலைக் கழுத்தில் தொங்கும் கூடையில் போட வேண்டும். சிப்பி கிழித்து அக்காவின் விரல்கள் எப்போதும் வெடித்திருக்கும். புளி கரைத்தால் எரிகிறது என்று அம்மாவைக் கரைக்கச் சொல்வார். அந்த உழைப்பில்தான் நான் பொன்னேரிக் கல்லூரி வரைக்கும் படித்தேன்.

பக்கத்துக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா, மாமா மஞ்சள் காமாலையில் போன பிறகு மகனோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார். அந்த நேரத்தில்தான் பொன்னேரி சாலையில் இறால் கம்பெனி ஒன்று வந்தது. சுற்றுவட்டாரப் பெண்கள் அங்கே இறால் உரிக்கப் போனார்கள். அக்காவும் போனார். பட்டப்படிப்பு இருந்ததால் எனக்கு அங்கேயே சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. என்னைச் சுமந்து வளர்த்தவர் எனக்குக் கீழே வேலை பார்த்தார். ஷெட்டுக்குள் எல்லோரையும் போல என்னை ‘சார்’ என்பார். வெளியே வந்ததும், “டேய், துன்னியா இல்லியா?” என்பார்.

ஒன்றியக் குழுவில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது ஊர்ப் பெரியவர்கள் அக்காவை நிறுத்தினார்கள். விதவைப் பெண், அதிகம் பேசாது, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் என்பது அவர்கள் கணக்கு. அக்கா ஜெயித்தார். கவுன்சிலர் ஆன பிறகும் கூட்டம் இல்லாத நாட்களில் இறால் உரிக்கத்தான் போனார்.

முதல் வருடத்திலேயே அவர் யார் என்று தெரிந்துவிட்டது. தூய்மைப் பணியாளர்கள் சங்கம் வைத்தார்கள் என்பதற்காக அவர்களை வேலையிலிருந்து எடுக்கத் தீர்மானம் வந்தது. எல்லோரும் கை தூக்க, அக்கா மட்டும் எழுந்து நின்று, “ஊட்ல நாலு பேரு சேர்ந்து பேசறோம். அவங்க சேர்ந்து பேசுனா மட்டும் தப்பா?” என்று கேட்டாராம். தீர்மானம் அன்றைக்குத் தள்ளிப் போனது. பிறகு வரவே இல்லை. அந்தப் பணியாளர்கள் இன்றும் அக்காவின் பெயரைச் சொல்கிறார்கள்.

இனி நான் சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன்.

கம்பெனியில் காலையில் லோடு வந்துவிட்டால், அத்தனையும் உரித்து முடிக்கும்வரை பெண்கள் வெளியே போகக் கூடாது. அதற்காக ஷெட்டின் கதவை வெளியிலிருந்து பூட்டுவோம். உத்தரவு மேனேஜருடையது. பூட்டியது நான். புரட்டாசி மாதம் ஒரு மதியம், பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாலை முனைக் கடைக்கு டீ குடிக்கப் போனேன். அப்போதுதான் ஐஸ் மெஷினின் அமோனியா குழாய் வெடித்தது.

அக்கா அன்று ஒன்றியக் கூட்டத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்த பஸ் கம்பெனி வாசலைத் தாண்டும்போது உள்ளிருந்து கூச்சல் கேட்டு இறங்கி ஓடியிருக்கிறார். ஐஸ் உடைக்கும் இரும்புக் கம்பியால் பூட்டை அடித்து உடைத்திருக்கிறார். நான் ஓடிவந்தபோது கதவு திறந்து கிடந்தது. பெண்கள் மண்ணில் உருண்டு இருமிக்கொண்டிருந்தார்கள். நாகம்மாவை அக்கா மடியில் போட்டு முகத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நாகம்மாதான். அக்காவின் சிறுவயதுத் தோழி. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் நாகம்மாவுக்கு ஒரு கண் போனது, மற்றது மங்கியது.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நாகம்மாவின் பக்கம் குனிந்துகொண்டார்.

அன்று மாலையே மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார். கதவு பூட்டப்படவில்லை, சாத்தித்தான் இருந்தது, பதற்றத்தில் பெண்களுக்குத் திறக்க வரவில்லை என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

பெண்கள் வேலைக்குப் போக மறுத்து வெளியே உட்கார்ந்தார்கள். கூடிப் பேச எந்த ஊரும் இடம் தரவில்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரம் நிழல் இருக்கும். அங்கேதான் சங்கம் தொடங்கியது. “இவுங்களும் நம்ம ஊருக்கு ஏவாரத்துக்குத்தான் வந்தாங்க. கோட்ட கட்டுனாங்க, குண்டு போட்டாங்க. இப்போ கல்லு மட்டுந்தான் கீது. கம்பெனிக்காரன் மட்டும் நெலச்சிருவானா?” என்று அக்கா அங்கே பேசியதை இன்றும் சங்கத்தில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கம்பெனியின் லைசென்ஸைப் புதுப்பிக்கும் தீர்மானம் ஒன்றியக் குழுவுக்கு வந்தது. கதவைத் திறந்து வைக்க வேண்டும், பின்பக்கம் இன்னொரு வழி வைக்க வேண்டும், உரிக்கும் கைகளுக்கு உறை தர வேண்டும், சங்கத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால்தான் ஒப்புவேன் என்றார் அக்கா. கூட்டத்துக்குக் கூட்டம் அதையே சொன்னார். வார்டு உறுப்பினர் ஒப்பாமல் மற்றவர்கள் கை தூக்கத் தயங்க, தீர்மானம் தொங்கியது.

எங்கள் குப்பத்து இறாலையும் அந்தக் கம்பெனிதான் வாங்கியது. உங்கள் கவுன்சிலர் அடங்காவிட்டால் உங்கள் இறால் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஊர் கூடியது. அக்கா அடங்கவில்லை. ஊர் அவரை விலக்கி வைத்தது. ஏரியில் எந்தக் குடும்பம் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்பதைப் பாடு என்போம். அக்காவின் மகனுக்கு உரிய பாட்டை நிறுத்தினார்கள். அவன் சென்னை காசிமேட்டுக்குக் கூலிப் படகில் வேலைக்குப் போனான். போகும்போது, “உனுக்கு ஊரு முக்கியமா, நானு முக்கியமா?” என்று கேட்டான். அக்கா அவன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தார்.

பொன்னேரியில் தொழிலாளர் அதிகாரியின் விசாரணை வந்தது. அதற்கு முதல் நாள் அக்கா என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி அப்போது முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார்.

“நாளிக்கு உன்ன கேப்பாங்கடா. இன்னா சொல்லப் போற?”

“எழுதிக் குடுத்ததத்தான் சொல்லணும்க்கா. சும்மாதான் சாத்தி இருந்துச்சுனு.”

“பூட்ட ஒடச்சது நானு.”

“வேல போயிடும்க்கா. இவளப் பாரு, ஏழாவது மாசம்.”

அக்கா என் மனைவியைப் பார்த்தார். “நீயே சொல்லிடுடா. நான் சொல்ற மாரி வச்சிடாத” என்றார். கொடுத்த காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

மறுநாள் நான் பொய் சொன்னேன். அதிகாரி அடுத்து அக்காவைக் கூப்பிட்டார். கதவு பூட்டியிருந்தது என்றால் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டார். அக்கா தலை குனியவில்லை.

“எந் தம்பிகிட்ட சார். தோ, நிக்கிறான்.”

அதோடு வழக்கு முடிந்தது. சங்கம் கேட்டது எல்லாம் உத்தரவாக வந்தது. தவறு முழுவதும் சூப்பர்வைசருடையது என்று சொல்லிக் கம்பெனி என்னை வெளியே அனுப்பியது. பொன்னேரியில் ஒரு ஹார்டுவேர் கடையில் சேர்ந்தேன். அக்காவோடு பேசுவதை நிறுத்தினேன். மகள் பிறந்தபோது பார்க்க வந்தார். என் மனைவி வாசலில் வைத்துக் குழந்தையைக் காட்டினார். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். திரும்பிப் போகும்போது அக்கா உள்ளே எட்டிப் பார்த்ததாக மனைவி பிறகு சொன்னார். ஒன்பது வருடம் அப்படியே போனது.

திறந்த கதவோடு கம்பெனி மூன்று வருடம் நடந்தது. பிறகு முதலாளி அதை மூடிவிட்டு நெல்லூர்ப் பக்கம் போனார். வேலை போன பெண்களில் சிலர் அக்காவைத் திட்டினார்கள். அடுத்த தேர்தலில் அக்கா தோற்றார். மீண்டும் ஏரியில் இறங்கி இறால் தடவினார். ஏரியில் இறாலும் குறைந்திருந்தது. ஒரு கவுன்சிலராக அவர் சேர்த்து வைத்தது எதுவும் இல்லை.

பிறகு சிறுநீரகம் கெட்டது. சென்னையில் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். சங்கத்துப் பெண்கள் முறை வைத்துப் பக்கத்தில் இருந்தார்கள். என் மனைவி என்னை இழுக்காத குறையாக அழைத்துப் போனார். அக்கா கண்ணைத் திறந்து, “இன்னாடா, எளச்சிட்ட” என்றார். அதற்குப் பிறகு தினமும் போனேன். மூன்று வாரம். கால் வீக்கத்தைப் பற்றிப் பேசினோம், என் மகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துப் போய், ஒவ்வொரு நாளும் கேட்காமல் திரும்பினேன். ஒரு வியாழக்கிழமை போனபோது கட்டில் காலியாக இருந்தது.

ஊருக்குக் கொண்டு வந்தோம். ஊர் விலக்கை யாரும் எடுக்கவும் இல்லை, எடுக்காமல் இருக்கவும் இல்லை. ஆண்கள் சற்றுத் தள்ளியே நின்றார்கள். பாடை தூக்க ஆள் வரவில்லை. சங்கத்துப் பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

“பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்ற பழக்கம் கெடையாதும்மா” என்றார் ஒரு பெரியவர்.

“கவுன்சிலரம்மா இல்லாங்காட்டி நாங்க எல்லாம் அன்னிக்கே அங்க போயிருப்போம்” என்றார் நாகம்மா.

மூன்று பெண்கள் தோள் கொடுத்தார்கள். நாலாவது தோள் என்னுடையது. அக்காவின் மகன் முன்னால் நெருப்புச் சட்டியோடு நடந்தான்.

மருத்துவமனையில் முறை வைத்து அக்காவைப் பார்த்துக்கொண்ட சங்கத்துப் பெண்களுக்கும், அமரர் ஊர்தி வந்த பாதையைச் சொல்லாமலே கூட்டிச் சுத்தம் செய்து வைத்த தூய்மைப் பணியாளர்களுக்கும், வந்தவர்களுக்குப் பந்தலும் நாற்காலியும் கொடுத்த பழவேற்காட்டு முஸ்லிம் தெரு நண்பர்களுக்கும், தள்ளி நின்றாலும் கடைசிவரை நின்ற ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இத்தனை காலம் என்னைப் பொறுத்துக்கொண்ட என் மனைவிக்கும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை நாகம்மாவிடம் எடுத்துப் போனேன். அவரால் படிக்க முடியாது. ஏரிக்கரையில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சாவியை நானே வைத்திருந்தேன் என்பதையும் பொய் சொன்னதையும் அவர் முகத்துக்கு நேராக அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு நாகம்மா சொன்னார்:

“எல்லாஞ் சரியாத்தான் எழுதிக்கீற தம்பி. ஒண்ணு மட்டும் வுட்டுட்ட. பொன்னேரிலேந்து வந்த அன்னிக்கி, நாங்க ஜெயிச்சிட்டோம்னு பஸ்ல கூவிக்கினு வந்தோம். உங்கக்கா மட்டும் ஜன்னலாண்ட மூஞ்சத் திருப்பிக்கினு அழுதுக்கினே வந்துச்சி. ரெண்டு நாளு சோறு துன்னல. அத்தயும் எழுது.”

எழுதிவிட்டேன்.