வேதமுத்துவும் செம்பூர்க் குளத்துப் பாசியும்

உங்கள் வீட்டுக் குளத்தில் பாசி பிடித்தால் முதலில் யாரைத் திட்டுவீர்கள்?

1984இல் செம்பூரில், ஓய்வுபெற்ற அதிகாரி பத்மநாபன் வீட்டுத் தோட்டக்காரர் வேதமுத்து. தாராவியிலிருந்து பஸ்ஸில் வருவார். கொல்லையிலிருந்த சின்ன மீன்குளத்தில் தலைமுடிபோல இழை இழையாகப் பாசி படர்ந்தது. குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்தார். நாலே நாளில் மறுபடி படர்ந்தது.

“தாராவிச் சாக்கடையை நீதான் கையில ஒட்டிண்டு வர்றே. இந்த மாசத்தோட பாசி போகலேன்னா வேற ஆள் பார்த்துப்பேன்” என்றார் பத்மநாபன்.

வேதமுத்து முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குளத்தில் இறங்கினார். அப்போதும் பாசி வந்தது. பிறகு காய்ச்சலில் ஆறு நாள் படுத்துவிட்டுத் திரும்பினால், பாசி இரண்டு மடங்காகியிருந்தது.

“நான் தொடவே இல்லியே சார், பொறவு எப்படி வந்துச்சு?”

“முன்னாடியே ஒட்ட வெச்சுட்டியே!”

வேதமுத்து குழம்பிப்போய் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒருவேளை அப்படித்தானோ? அவர் கண்ணெதிரிலேயே பத்மநாபனின் மனைவி, மீனுக்குப் போட்டால் புண்ணியம் என்று, மீந்த சோற்றைத் தினமும்போல் குளத்தில் கொட்டினார். மேலே மறைப்பே இல்லாமல் வெயில் கொளுத்தியது. அழுகிய சோறும் வெயிலும்தான் பாசிக்குத் தீனி என்று அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. மாதக் கடைசியில் வேதமுத்துவை அனுப்பிவிட்டார்கள். என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமலே அவர் பஸ் ஏறினார்.

குளம் வைத்திருப்பவர்களே, சோறு கொட்டுவதை நிறுத்துங்கள். பாதிக் குளத்தை அல்லி இலையால் மூடுங்கள். சில மாதம் பொறுங்கள். அதுவரை யாரையும் வேலையைவிட்டு அனுப்பாதீர்கள்.