கண்ணிவெடிக்காரர் வீடு ஏலத்துக்கு வந்தது

தெருவில் அவரை ஜெனரல் என்று கூப்பிடுவார்கள். படையில் அவர் ஏறியது என்னவோ இரண்டே படிதான். கண்ணிவெடி எடுக்கும் பிரிவில் இருந்தார். குப்புறப் படுத்து, மெல்லிய கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்து, மற்றவர்கள் நடந்துபோக வழி செய்து கொடுத்தவர். அந்த வேலை அவருடைய இடது காதை எடுத்துக்கொண்டது. மிச்ச உடம்போடு ஊர் திரும்பி, மனைவியும் தானுமாகச் சேர்த்த பணத்தில் ஒரு சின்ன வீட்டைக் கட்டினார்.

காகிதம் எல்லாம் மனைவியின் பொறுப்பு. மின் கட்டணம், வீட்டு வரி, ஓய்வூதியச் சான்று, எதையும் அவர் தொட்டதில்லை. அந்த அம்மாள் இறந்த பிறகு, சிவப்பு முத்திரை குத்திய உறைகள் கதவிடுக்கு வழியாக வந்து விழத் தொடங்கின. அவற்றையும் அவர் தொடவில்லை.

ஒரு நாள் காலை அவருடைய மைத்துனி பார்க்க வந்தார். மனைவியின் தங்கை, பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசல் சுவரில் பசை காயாத தாள் ஒன்று ஒட்டியிருந்தது. வரி பாக்கிக்காக இந்த வீடு நாளை காலை நகராட்சிக் கூடத்தில் ஏலம் விடப்படும் என்றது.

தட்டினார். கதவு திறக்கவில்லை. சன்னல் பக்கம் போய்க் கத்தினார்.

"அத்தான்! நான்தான், கதவைத் திறங்க."

"கூட யாரு?"

"ஒரு பட்டாளமே வந்திருக்கு. திறங்கன்னா!"

கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. "சுவரை ஒட்டி வா. அதுங்களை மிதிச்சிடாதே" என்றார்.

மைத்துனி கீழே பார்த்தார். உறைகள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. ஒவ்வொன்றைச் சுற்றியும் சாக்பீஸால் ஒரு வட்டம். நடுவில் ஒற்றையடிப் பாதை.

படையில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். என்னவென்று தெரியாத பொருளைத் தொடாதே, சுற்றிக் குறி போடு, விலகி நில், தெரிந்தவனைக் கூப்பிடு. கடைசி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தார்.

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

"உங்கக்கா பார்த்துக்குவான்னு அப்படியே இருந்துட்டேன்."

"செத்த பிறகும் எங்கக்காவையே வேலை வாங்குறீங்களா அத்தான்? நல்லா இருக்கு நியாயம்."

அவர் சிரிக்கவில்லை. மைத்துனி தரையில் உட்கார்ந்து உறைகளைக் கிழித்தார். ஒவ்வொரு கிழிசல் சத்தத்துக்கும் ஜெனரலின் தோள் குலுங்கியது.

படித்துவிட்டு நகராட்சிக்குப் போன் செய்தார். யார் யாரிடமோ மாற்றி மாற்றிவிட்டார்கள். கடைசியில், ராணுவ ஓய்வூதியத்தில் வாழ்பவர் என்று சொன்னதும், ஒரு எழுத்தர் கொட்டாவியோடு கேட்டார்: "வீட்டுக்காரர் பட்டாளத்துல இருந்தவரா? அவங்களுக்கு வரி விலக்கு உண்டேம்மா."

"உண்டா? அப்புறம் எதுக்குய்யா ஏலம்?"

"கேட்டாத்தானே கொடுப்போம். நாளைக்கு ஏலத்துக்கு முன்னாடி அவரே நேர்ல வந்து எழுதிக் கொடுக்கணும்."

வரி கட்டவில்லை என்பதைக் கண்டுபிடிக்க வீடு தேடி வந்த அலுவலகம், வரியே வேண்டாம் என்பதைச் சொல்ல ஒரு ஆளை அனுப்பவில்லை. பக்கத்து வீட்டுக் குழாய்க்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "எல்லாம் அவர் தலையெழுத்துங்க" என்று அனுதாபப்பட்டார். யாருடைய தலையிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஒரு அதிகாரியின் கையெழுத்து இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஜெனரல் கிளம்ப மறுத்தார். படையிலிருந்து விடுவித்த சான்றிதழைக் கையில் பிடித்தபடி கதவில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"நான் வெளியே கால் வச்சா பூட்டிடுவாங்க. தையல்காரர் வீட்டை அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பூட்டினாங்களே."

அது பொய்யில்லை. தெருக்கோடியில் அந்தப் பூட்டு இன்னும் தொங்குகிறது. மைத்துனி மதிலருகே போனார்.

"அண்ணே, நேத்து தலையெழுத்துன்னீங்கல்ல? வந்து உள்ளே உட்காருங்க. நாங்க வர்ற வரைக்கும் அதுக்குக் காவல் இருங்க. யார் வந்தாலும் திறக்காதீங்க."

குழாய்க்காரர் ஸ்பேனரோடு வந்து உட்கார்ந்தார்.

அலுவலகத்தில் எழுத்தர் விண்ணப்பத்தை வாங்கி, மேலதிகாரி கையெழுத்துப் போடணும் என்று மாடிக்குக் கொண்டுபோனார். இருவரும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே ஏலக்கூடம் திறந்தே கிடந்தது. கதவு எண்ணைச் சொல்வதும், தொகை ஏறுவதும், மேசையில் தட்டுவதும் கேட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வீடு போனது. ஜெனரல் வலது காதைப் பொத்திக்கொண்டார்.

"எத்தனாவது நம்மது?"

"இன்னும் இருக்கு அத்தான்" என்று மைத்துனி பொய் சொன்னார். அடுத்தது அவருடையதுதான்.

எண் வாசிக்கப்பட்டது. முன்வரிசையில் ஒருவர் தொகை சொன்னார். இன்னொருவர் கூட்டினார். மைத்துனி எழுந்து ஓடி, "நிறுத்துங்கய்யா! மனு மேலே இருக்கு!" என்று கத்தினார்.

"மேலே இருக்கிறது எனக்குக் கீழே வரலையேம்மா" என்று ஏலக்காரர் கையை ஓங்கினார். அப்போதுதான் எழுத்தர் படியிறங்கி வந்தார், ஓடக்கூட இல்லை. தாளை மேசையில் வைத்தார். ஏலக்காரர் படித்து, கையைத் தாழ்த்தி, "இது நிறுத்தி வச்சிருக்கு" என்றார்.

ஜெனரல் வாசலில் வந்து நின்றார். "இனி வீடு?"

"பழைய பாக்கியைப் பத்திக் குழு முடிவு பண்ணும். அதுவரைக்கும் உங்க வீடுதான்" என்றார் எழுத்தர்.

"அதுக்கப்புறம்?"

எழுத்தர் வேறு கோப்பை எடுத்தார். மைத்துனி ஜெனரலின் முழங்கையைப் பிடித்து, "வாங்க அத்தான், போயிடலாம், மனசு மாறிடப் போறாங்க" என்றார். அதற்குள் அடுத்த கதவு எண் வாசிக்கப்பட்டது. வீட்டுக்காரர் வந்திருக்கிறாரா என்று ஏலக்காரர் பேருக்குக் கேட்டார். யாரும் எழவில்லை.

ஜெனரல் நகரவில்லை.

"அந்த வீட்டுக்குள்ளே ஆள் இருக்கா?" என்று உரக்கக் கேட்டார்.

"நீங்க ஏலம் கேக்குறீங்களா பெரியவரே?"

"இல்ல. உள்ளே ஆள் இருக்கான்னு யாராவது போய்ப் பார்த்தீங்களா?"

ஏலக்காரர் தன் தாளைப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். அதில் அப்படி ஒரு கட்டமே இல்லை.