பதினொரு பேர் வெட்டிய கல்

போன புதன்கிழமை மாலை ஐந்தே காலுக்கு வாசகசாலைக்குள் நுழைந்தபோது புன்னை எண்ணெய் வாசனை அடித்தது. பத்திரிகை படிக்கிற இடத்தில் அந்த வாசனைக்கு வேலை இல்லை. சுற்றிப் பார்த்தேன். மூலையில், பழைய பஞ்சாங்கங்கள் அடுக்கிய அலமாரிக்குக் கீழே, எண்ணெய் பூசிய ஒரு கால்பந்து கிடந்தது. அதைச் சுற்றி ஆறு வாலிபர்கள் உட்கார்ந்து, வாசகசாலைச் சுவரில் எந்தெந்த ஆட்டக்காரரின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறில் நாலு பேரை எனக்குத் தெரியும். பந்தைக் கால்பட உதைத்த நாட்களை அவர்கள் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ஒருவன் என்னைப் பார்த்துவிட்டான். "ஐயா, நீங்க பழைய ஆளுல்லா. அந்தக் காலத்துல நம்ம ஊருல பெரிய ஆட்டக்காரன் யாருன்னு சொல்லுங்க. நீங்க சொல்லுக பேர அப்படியே மாட்டிருவோம்."

"எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, பத்திரிகையைத் தொடாமலே வெளியே வந்துவிட்டேன். அன்றைய நாட்குறிப்பில் "வாசகசாலை சென்றேன், படிக்கவில்லை" என்று மட்டும் எழுதினேன். நாட்குறிப்பில் நான் பொய் எழுதுவதில்லை. அந்தப் பையனிடம் சொன்னதுதான் பொய். உங்களிடம் உண்மையைச் சொல்லலாம். நீங்கள் படம் மாட்டுகிறவர் இல்லை.

புன்னை எண்ணெயை மற்ற வீடுகளில் விளக்குக்கு ஊற்றுவார்கள். நாங்கள் பந்துக்குத் தேய்ப்போம். மழையில் நனைந்த தோல் காய்ந்தால் கருங்கல் போல ஆகிவிடும். எண்ணெய் போட்டால் கொஞ்சம் இளகும். தேய்க்கிற வேலை என்னுடையது. ஏனென்றால் ஆடுகிற வேலை எனக்கு வாய்க்கவில்லை. ஒரே ஒரு நாள் ஆடினேன். பந்தை உதைப்பதாக நினைத்துத் தரையை உதைத்தேன். பெருவிரல் நகம் போயிற்று. பந்து நின்ற இடத்திலேயே நின்றது. அதற்குப் பிறகு என்னை எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்காரவைத்துக் கையில் ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

அது கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் வந்த பெருவெள்ளத்துக்கு அடுத்த வருஷம். தக்கலைக்குப் பக்கம் பத்திரப் பதிவுக் கச்சேரியில் அப்போதுதான் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். பகலெல்லாம் பிறர் நிலத்தின் நான்கு எல்லைகளை எழுதுகிறவன், சனிக்கிழமை மாலை மைதானத்தின் நான்கு எல்லைகளுக்குள் நடந்ததை எழுதினேன். யார் கொடுத்தார், யார் வாங்கினார், யார் விழுந்தார், எந்தத் திசையில் காற்று. இடைவேளையில் எத்தனை எலுமிச்சம்பழம் நறுக்கினார்கள் என்பது வரை எழுதியிருக்கிறேன். இன்று புரட்டிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. எலுமிச்சம்பழக் கணக்கைக் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை.

அந்த நோட்டைத் தைத்துக் கொடுத்தவர் செல்லையா. அச்சுக்கூடத்தில் புத்தகம் கட்டுகிற வேலை அவருக்கு. சனிக்கிழமைகளில் எங்கள் அணியின் நடு ஆட்டக்காரர். பந்து எங்கே வரும் என்று அவருக்கு முன்கூட்டியே யாரோ சொல்லிவிடுவது போல அங்கே போய் நிற்பார். ஓடி நான் அதிகம் பார்த்ததில்லை. அவசரமில்லாமல் நடந்து போய், அடுத்தவன் காலில் இருக்கிற பந்தைத் தன்னுடைய பொருளை வாங்கிக்கொள்வது போல வாங்கிக்கொள்வார்.

அவருடைய அப்பா எங்கள் சபைக் கோயிலில் வேதம் போதிக்கிற உபதேசியார். செல்லையா ஆடிய கடைசி ஆட்டம் ஒரு கோப்பைப் போட்டியின் முடிவாட்டம். அது பெரிய வெள்ளிக்கு மறுநாள் அமைந்துவிட்டது. "கர்த்தர் கல்லறையில கிடக்க நாளு. இன்னைக்கு பந்தடிக்கப் போவாத" என்றார் அப்பா. செல்லையா போனார். முழங்கால் பிசகி, நாலு பேர் பெஞ்சில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டுப் பலகை. "அவனுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று மனைவியிடம் சொல்வாராம். நாலு வருஷம் இப்படி.

இந்த நேரத்தில்தான் கொழும்பில் கையில் நாலு காசு சேர்த்துத் திரும்பிய ஒருவர், ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தார். கிணறு வெட்டியிருக்கலாம். மயிலாடியிலிருந்து ஒரு கல் கொண்டுவந்தார். ஆள் உயரம், ஒரு பக்கம் கண்ணாடி போல இழைத்தது. ஊரின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பதினொரு பேரின் பெயரை அதில் வெட்டி மைதானத்து வாசலில் நட வேண்டும் என்றார். அந்தப் பதினொரு பேர் யார் என்று தீர்மானிக்கிற பொறுப்பை மைதானத்துக்கு எதிரே இருந்த காப்பிக்கடை எடுத்துக்கொண்டது. யாரும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டது.

காப்பிக்கடைக்குத் தலைவர் ஆசீர்வாதம். கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்டம் நடக்கும்போது அவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். மேற்கு வெயில் கண்ணில் அடிக்குமாம். அடுப்பைப் பார்த்தபடி, கூச்சலைக் காதால் கேட்டு, ஆட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வார். அவரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு பர்லாங் நடந்தால் வழியில் உட்கார இடம் தேடுகிறவர்கள்.

"பல்லு போனவனுக்கு ஒரு எடம் வேண்டாமாவே? ரெண்டு பல்லு. மண்ணுல இருந்து பொறுக்கி எடுத்தோம்" என்பார் ஒருவர்.

"பல்லு போச்சுன்னா வைத்தியன்ட்ட போவட்டு. கல்லுல எதுக்கு எடம்?"

"எங்க மச்சினன் அடிச்சா பந்து வேளிமலையில போயி விழும், தெரியுமா?"

"அதத்தான்வே நானும் சொல்லுகேன். கோலுக்குள்ள விழாது."

ஆறு வாரம் இப்படி ஓடிற்று. கோல்கம்பத்துக்கு மரம் கொடுத்தவர் பெயரை வெட்ட வேண்டும் என்று ஒரு கட்சி. மரத்தையே வெட்டிக் கொடுத்தவர் பெயரை வேண்டாமா என்று இன்னொரு கட்சி. ஆட்டக்காரர்கள் யாரையும் கேட்கவில்லை. கடைசியில் ஆசீர்வாதத்துக்கு ஒரு யோசனை உதித்தது. கல்யாணத்துக்கு முன் சபையில் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை வாசித்து, தடை இருந்தால் சொல்லும்படி கேட்கிறோம் அல்லவா? ஓலை வாசிப்பது என்போம். அதே போல ஆட்டக்காரர் பெயர்களையும் மூன்று சனிக்கிழமை கடையில் ஓலை வாசிப்பது. ஒருவர் எழுந்து காரணத்தோடு தடை சொன்னால் அந்தப் பெயர் தள்ளுபடி. காரணம் உண்மையா என்பதற்கு என் நோட்டு சாட்சி.

"கல்லுல பேரு வெட்டுகது கல்யாணத்தவிடப் பெரிய காரியம்வே" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்பதை எழுதிவிடுகிறேன். என் நோட்டுக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

ஓலை வாசிப்பதற்கு முந்தின வாரம் செல்லையா ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு என் வீட்டுக்கு வந்தார். இடதுகாலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார்.

"அந்தக் கடைசி ஆட்டத்த ஒருக்கா வாசியும்வே" என்றார். முன்பும் பல தடவை கேட்டிருக்கிறார். எடுத்து வாசித்தேன். "மூன்றாவது கோல்: செல்லையா. பந்து அவர் வலது கையில் பட்டதாகத் தோன்றிற்று; நடுவர் கவனிக்கவில்லை. அதற்கு முன்பே இடது முழங்கால் பிசகியிருந்தது. கடைசி இருபது நிமிஷம் ஏறக்குறைய ஒரே காலில் ஆடினார். முடிவில் எதிர்க்கட்சியார் நின்று கை தட்டினார்கள்."

அவர் சிரித்தார். "பட்டுதுவே. சுண்டுவெரலுல. ஊரே பாத்துட்டு நின்னுது, நீரு ஒராளுதான் கண்டேரு." பிறகு கேட்டார்: "கல்லு மைதானத்து வாசல்லதான நடுகாவ? அது கோயிலுக்குப் போற வழியில்லா."

"ஆமா."

"அப்பா கல்லுல எழுத்தக் கண்டா நின்னு வாசிக்காமப் போவ மாட்டாவ. கல்லறைத் தோட்டத்துல ஒரு கல்லு விடாம வாசிப்பாவ, பாத்திருப்பேரே. அதுவும் சத்தமா." பழத்தோலை நான்காக மடித்துக்கொண்டே சொன்னார்: "என் பேரு இருந்தா, அதயும் வாயால சொல்லித்தான ஆவணும்."

முதல் சனிக்கிழமை இருபத்தாறு பெயர்கள் வாசிக்கப்பட்டன. கல்யாண ஓலையில் சாதாரணமாக யாரும் எழுவதில்லை. மாப்பிள்ளையிடம் தோற்றுப்போனவர்கள் சபையில் இருப்பதில்லை. இங்கேயோ ஒவ்வொரு நல்ல ஆட்டக்காரனிடமும் தோற்றவன், அல்லது தோற்றவனின் அண்ணன், காப்பி குடித்துக்கொண்டிருந்தான். இது அந்தப் பன்னிரண்டு மூளைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை. ஒருவன் ஆட்டத்துக்கு முன் எதிரணி வீட்டில் சாப்பிட்டான், தள்ளுபடி. ஒருவன் நடுவரை முறைத்தான், தள்ளுபடி. ஒரு பெயர் வந்தபோது பின்பெஞ்சிலிருந்து ஒரு கிழவர் பழக்கதோஷத்தில் எழுந்து, "அவனுக்குக் கொளச்சல்ல இன்னொரு பொண்டாட்டி உண்டு" என்றார். அதுவும் காரணமென்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

தடை வராத பெயர்கள் சில இருந்தன. பத்து வயதில் மலேயாவுக்குப் போனவர். ஒரே ஒரு நாள் ஆடி, மறுநாள் அம்மை கண்டவர். கல் கொண்டுவந்தவரின் தம்பி. அவர்கள் ஆடி யாரும் பார்த்ததில்லை. ஆகவே யாருக்கும் குறை இல்லை.

செல்லையா பெயர் முதல் வாரம் தப்பியது, இரண்டாம் வாரமும் தப்பியது. மூன்றாவது, மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை கழிந்த சனிக்கிழமை. அவர் கடைக்குள் வரவில்லை. வெளியே ஒரு மாட்டுவண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆசீர்வாதம் பெயரை வாசித்து, "தடை உண்டா?" என்று கேட்டார். குடை பழுது பார்க்கிற பொன்னுமணி எழுந்தார். முடிவாட்டத்தில் எதிரணிக் கோலைக் காத்தவர் அவருடைய அக்காள் மாப்பிள்ளை.

"அந்த மூணாவது கோலு கையில பட்டுதுன்னு எங்க அத்தான் இன்னைக்கும் சொல்லுகாரு."

"ஒங்க அத்தான் அன்னைக்குக் கண்ண மூடிட்டுல்லா நின்னாரு" என்றார் யாரோ. கடை சிரித்தது. அதோடு போயிருக்கும். ஆனால் ஆசீர்வாதம் என் பக்கம் திரும்பினார். "நோட்டு என்ன சொல்லுகு? கையில பட்டுதா, இல்லியா? அத மட்டும் வாசியும்."

கச்சேரியில் எனக்குப் பழக்கமான வேலை அது. கேட்ட பத்திரத்தில் கேட்ட வரியை வாசிப்பது. கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. "பந்து அவர் வலது கையில் பட்டதாகத் தோன்றிற்று; நடுவர் கவனிக்கவில்லை" என்று வாசித்தேன். தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். அரைப்புள்ளியில் நிறுத்திக்கூட வாசித்தேன். பிறகு நோட்டை மூடினேன்.

"தள்ளுபடி" என்றார் ஆசீர்வாதம். இன்னொரு காப்பி சொன்னார்.

வெளியே வந்தபோது செல்லையா அங்கேதான் நின்றார். "எழுதினத வாசிச்சேன்" என்றேன்.

"நேருதான்வே. கையில பட்டுது." வண்டிச் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். "அடுத்த வரியையும் வாசிச்சிருக்கலாம்."

காப்பிக்கடைக்காரர்களை நான் இன்றும் மதிப்பதில்லை. மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன். நான் மைதானத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் கண்டேன், எல்லாவற்றையும் எழுதினேன். அந்தச் சனிக்கிழமை எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

கல் நட்டார்கள். பதினொரு பெயர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போகும்போது எனக்குப் பத்தடி முன்னால் உபதேசியார் போய்க்கொண்டிருந்தார். கல்லைக் கண்டதும் நின்றார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். மலேயாக்காரர், அம்மைக்காரர், கொழும்புக்காரரின் தம்பி, மற்ற எல்லோரும். பதினோராவது பெயரையும் வாசித்துவிட்டு, கீழே இருந்த வெற்றிடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு கல்லைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். இழைக்காத சொரசொரப்பான முதுகில் உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

என்னைப் பார்த்து, "பொறத்தால எழுத்து ஒண்ணும் இல்லியாடே?" என்றார்.

"இல்ல ஐயா."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

குடையை விரித்துக்கொண்டு நடந்தார். நான் அன்று கோயிலுக்குப் போகவில்லை. இதை நான் செல்லையாவிடம் சொன்னேனா? இல்லை. ஆறு மாதத்தில் அவர் திருவனந்தபுரத்தில் ஓர் அச்சுக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். அதற்குள் எத்தனையோ சனிக்கிழமைகள் இருந்தன. உபதேசியார் அடுத்த வருஷம் காலமானார். மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரா என்பதற்கு என் குறிப்பில் ஆதாரம் இல்லை.

இப்போது மைதானத்தில் பாதி சாலையாகிவிட்டது. காப்பிக்கடை இருந்த இடத்தில் பஸ் நிற்கிறது. ஆசீர்வாதம் இல்லை, பொன்னுமணி இல்லை. கல் மட்டும் இருக்கிறது. சாலை போட வந்தவர்கள் அதைப் பிடுங்கி, ஓடைக்குக் குறுக்கே பாலமாகக் கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். பதினொரு பெயரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கிடக்கின்றன. புதன்கிழமை வாசகசாலையிலிருந்து அதன் மேல் நடந்துதான் வீட்டுக்கு வந்தேன். உபதேசியார் தடவிப் பார்த்த பக்கம்தான் இப்போது மேலே இருக்கிறது. அதில் எழுத்து ஒன்றும் இல்லை.