வாய் கட்டப்பட்டவளுக்கு நான் வாசித்த பாடம்

நான் செய்த ஜெபத்தை அப்படியே சொன்னால் உங்களில் சிலருக்கு என் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போகும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தால் அது சாட்சி இல்லை.

போன வருடம் மாரி தொடங்கிய நேரம், மின்னியல் பாடத்தில் நான் இரண்டாம் தடவையும் தவறினேன். இன்னும் ஒரேயொரு தடவைதான் எழுதலாம். அதிலும் தவறினால் பட்டம் இல்லை. மாங்குளம் சந்தியில் கச்சான் கடலை வறுத்து விற்றுத்தான் அம்மா என்னைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்தவர்.

நான் வாய்விட்டுப் படிக்கிறவள். கண்ணால் மட்டும் வாசித்தால் எனக்கு ஒன்றும் ஏறாது. வீட்டில் அம்மா கச்சான் புடைத்துக்கொண்டிருப்பார், நான் எதிரே இருந்து பாடத்தைச் சொல்லுவேன். அவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆனாலும் எனக்குத் தெரியாத இடம் வந்தால் குரலிலேயே பிடித்துவிடுவார். "இழுக்கிறாய் பிள்ளை. திரும்பச் சொல்லு" என்பார். உயர்தரப் பரீட்சை வரை நான் தேறியது அப்படித்தான்.

விடுதியில் அது நடக்கவில்லை. காரணம் ஒரு சொல். முதல் வருடம் செய்முறை வகுப்பில் விரிவுரையாளர் ஒரு மின்தடையைக் கையில் எடுத்து, இதன் பெறுமானம் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதற்றத்தில், வீட்டில் ஆம் என்பதற்குச் சொல்வதுபோல் "ஓம் சேர்" என்றேன். மின்தடையை அளக்கிற அலகுக்கும் ஓம் என்றுதான் பெயர். "எத்தனை ஓம்?" என்றார் அவர். வகுப்பே சிரித்தது.

அதைப் பட்டப்பெயராக்கியது என் அறைத்தோழி நிரோஜினி. புளியங்குளத்துப் பிள்ளை. அவளும் வாய்க்கு வாய் ஓம் சொல்லுகிறவள்தான். அன்றிலிருந்து சாப்பாட்டு வரிசையில், குளியலறை வாசலில், நான் வாய் திறந்தால் போதும், "எத்தனை ஓம்?" அறையில் பாடம் சொன்னால் என் குரலிலேயே திரும்பச் சொல்லிக் காட்டுவாள். பக்கத்து அறைக்காரிகள் வந்து நின்று சிரிப்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். அதோடு என் படிப்பும் நின்றுபோனது.

அந்த நாட்களில் ஏதோ ஆராய்ச்சிக்கென்று ஒரு படிவம் தந்தார்கள். பார்த்துப் படிக்கிறீர்களா, கேட்டா, செய்தா என்று ஒரு கேள்வி. வெட்கத்தில், பார்த்து என்று பொய்யாக அடையாளமிட்டேன். இந்தப் பட்டத்தை முடிக்க உங்களால் முடியும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்று இன்னொன்று. ஒன்றைச் சுற்றி வட்டமிட்டேன். அதில் மட்டும் பொய் சொல்லவில்லை.

பெறுபேறு வந்த அன்று பின்னேரம், விடுதிக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கியின் கீழே முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, பாடம் கேட்க எனக்கு ஒரு ஆளைத் தாரும். நிரோஜினியின் வாயைக் கட்டிப்போடும்." இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். இரண்டாவதைத்தான் அழுது கேட்டேன்.

பத்து நாள் போகவில்லை. ஊருக்குப் போயிருந்த நிரோஜினி அண்ணனோடு மோட்டார் சைக்கிளில் வரும்போது, ஏ-ஒன்பது வீதியில் மாடு குறுக்கே பாய்ந்தது. அவளுக்குத் தாடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் வாய் திறக்க முடியாது.

கேள்விப்பட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் மறைக்க மாட்டேன். பிறகுதான் நான் கேட்ட ஜெபம் நினைவுக்கு வந்தது.

வகுப்பு வரவு குறையக்கூடாதென்று அவள் விடுதிக்குத் திரும்பினாள். கஞ்சியை ஸ்ட்ரோவால் உறிஞ்சினாள். பக்கத்து அறைக்காரிகள் ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. அவளும் அதே பாடத்தில் ஒரு தடவை தவறியிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குனிந்து வாசித்தால் அவளுக்குத் தலை இடிக்கும். மூன்றாம் நாள் கொப்பியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

நான் சத்தமாக வாசித்தேன். பிறகு பார்க்காமல் சொன்னேன். இழுத்த இடத்தில் அவள் கரண்டியால் கட்டில் கம்பியில் தட்டினாள். இரக்கமே இல்லாமல் தட்டுவாள். நான் அழுதாலும் தட்டுவாள். சரியாகச் சொல்லி முடிக்கும்வரை விடமாட்டாள். ஐந்தாம் வாரம் ஒரு முழுப் பாடத்தைத் அவளுடைய கரண்டி ஒருதரமும் தட்டாமல் சொல்லி முடித்தேன். என்னால் முடியும் என்று முதல்முறையாக நம்பினேன்.

அவளுடைய கம்பியைக் கழற்றுமுன்பே பரீட்சை வந்தது. நான் தேறினேன். அவள் எழுத்துப் பரீட்சையை எழுதினாள். ஆனால் வாய்மொழிப் பரீட்சைக்கு வாய் திறக்க வேண்டுமே. எழுதிக் காட்டுகிறேன் என்று தாளில் எழுதிக் கெஞ்சினாள். விடவில்லை. அவளுக்கு ஒரு வருடம் வீணாய்ப் போனது.

கம்பியைக் கழற்றிய பிறகு என் ஜெபத்தை அவளிடம் சொன்னேன்.

"நீ அறையை விட்டுப் போகவேணும் எண்டு நானும் பிள்ளையாருக்கு நேந்தனான். என்ரை நேத்தி பலிக்கேல்லை. உன்ரை பலிச்சிட்டுது. இனி என்னைப் பற்றி அவரிட்டை ஒண்டும் கேளாதை" என்றாள்.

ஆண்டவருக்கு நன்றி சொல்லுகிறேன். பயத்தோடுதான் சொல்லுகிறேன். நம்பிக் கேளுங்கள், சகோதரங்களே. அவருக்குக் காது கேட்கும். கேட்டிருக்கக்கூடாதென்று நாம் பிறகு நினைப்பதும் கேட்கும். வருகிற மாதம் நிரோஜினிக்கு வாய்மொழிப் பரீட்சை. அவளுக்காக என்னோடு சேர்ந்து ஜெபியுங்கள். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.