நாற்பத்தோராம் பக்கத்துக் கணக்கு

அந்த அச்சகத்தில் கணக்கு வழிகாட்டிகளைக் கணினியில் அடித்துக் கொடுப்பவள் அவள். ஒன்பது வருடம் அடித்து அடித்து இயற்கணிதமே விரல் நுனிக்கு வந்துவிட்டது. நூலை எழுதுகிற ஆசிரியருக்கு அங்கே ‘சூத்திரம் சார்’ என்று பெயர். வாய் கொஞ்சம் நீளம்.

கணக்கிலும் அடிப்பது உண்டு. பின்னத்தில் மேலும் கீழும் ஒரே காரணி வந்தால் கோடு போட்டு அடிப்பார்கள். போன வருடம் அவர் அப்படி ஒரு (x − 3)-ஐ அடித்திருந்தார்.

“x மூணா இருக்கக் கூடாதுன்னு ஒரு வரி சேக்கணுமே சார், கீழ சைபர் ஆயிடும்ல?” என்று இவள் கேட்டது ஒரு குற்றமா?

“கணக்குக்கும் உனக்கும் என்னம்மா சம்பந்தம்? அடிக்கச் சொன்னத அடி!” என்று ஆறு பேர் முன்னால் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள், முதலாளி உட்பட. அன்றைக்கு இவளுக்குச் சோறு இறங்கவில்லை. கறுவிக்கொண்டே காத்திருந்தாள்.

இந்த வருடம் மாட்டினார் மனுஷன். நாற்பத்தோராம் பக்கத்தில் (x² − x − 6) / (x² − 9). மேலே இருப்பதை (x + 3)(x − 2) என்று பிரித்து, கீழே இருந்த (x + 3)-ஓடு அடித்து, விடை (x − 2) / (x − 3) என்று முடித்திருந்தார். இவள் x-க்கு ஒன்று போட்டுப் பார்த்தாள். கணக்கு முக்கால் என்றது, விடை அரை என்றது. குறி மாறிவிட்டது, (x − 3)(x + 2) என்றல்லவா பிரிக்க வேண்டும்! ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்வாளா? புள்ளி பிசகாமல் அப்படியே அடித்தாள். சரிபார்க்கக் கொடுத்த அச்சுப்படியில் அவரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

நூல் வெளியீட்டு விழா அன்று கூடம் நிறைய ஆசிரியர்கள். ஒருவர் அந்தக் கணக்கைக் கேட்க, பலகையில் போட்டுக் காட்டப் போன சூத்திரம் சாருக்குப் புத்தகத்து விடை வரவில்லை.

“டைப் அடிச்சவ பண்ணின கோளாறு” என்றார்.

இவள் எழுந்து போய் அவருடைய கைப்பிரதியை மேசைமேல் விரித்தாள். கூடமே சிரித்தது. பொய் சொல்வானேன், இவளுக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்.

“உள்ளதச் சொல்லும்மா. அடிக்கும்போதே தப்புன்னு தெரியுமா? தெரியாதுன்னா வேலையில இரு. தெரியும்னா இப்பவே கெளம்பு.”

வீடு ஓடுவது இவள் சம்பளத்தில்தான். தெரியாது என்று ஒரு சொல் போதும். ஆனால் கணக்குக்கும் இவளுக்கும் சம்பந்தமில்லை என்பதை இவளே ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

“தெரிஞ்சுதான் அடிச்சேன் சார்” என்றாள்.