அரைத்தூக்கத்துக்குக் காவல்

பல்லைப் பிடுங்குவது டொக்டரின் வேலை. பிள்ளையின் வாயைத் திறக்க வைப்பது தாதியின் வேலை.

பல் பிடுங்கும் கதிரையைக் கண்டதும் குளறி அழும் சின்னப் பிள்ளைகளுக்கு எங்கள் தீவுப்பக்க ஆஸ்பத்திரியில் அரைத்தூக்க மருந்து கொடுப்போம். முழு மயக்கம் இல்லை; கூப்பிட்டால் கண் திறக்கும், பயம் மட்டும் படுத்துவிடும். நீங்களும் அந்தக் கதிரையின் கைப்பிடியை நெரித்தவர்கள்தானே? பக்கத்தில் நிற்கிற தாதி என் பாடும் அதேதான்.

கடைவாயில் பிஸ்கட்

நெடுந்தீவிலிருந்து முதல் படகில் ஒரு தாய் ஆறு வயது மகளோடு வந்தார். "பிள்ளைக்கு ஏதும் சாப்பிடக் குடுத்தனீங்களோ?" என்று மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் "ஒண்டுமில்லை" என்றார்.

மருந்துக் கோப்பையோடு குனிந்து, "ஆ காட்டுங்கோ" என்றேன். சூத்தைப் பல்லின் குழிக்குள் ஈரம் காயாத பிஸ்கட். மருந்துக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். அரைத்தூக்கத்தில் வயிற்றில் கிடப்பதைச் சத்தியெடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். "இண்டைக்கு ஏலாது அக்கா, வாற கிழமை வாங்கோ" என்றதும் தாய் வெடித்தார்: "பசியிலை அழுற பிள்ளையோட அந்தக் கடலைத் தாண்டி ஒருக்கா வந்து பாருங்கோ, பிறகு என்னைக் கேளுங்கோ!"

தொண்ணூறுக்குக் கீழே

சுருவில் ஊர்ப் பையன், வயது ஐந்து. அமைதியாகத் தூங்கினான். பல் டொக்டர் இரண்டாவது பல்லைப் பிடித்திருந்தார். பையனின் விரலில் மாட்டிய கருவியில் ஒட்சிசன் அளவைப் பார்ப்பது என் பொறுப்பு. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றிரண்டு. எண்பத்தெட்டு.

"நிப்பாட்டுங்கோ" என்றார் மயக்க மருந்து டொக்டர். யாழ்ப்பாணத்திலிருந்து கிழமைக்கு ஒரு நாள் வருகிற அம்மா அவர். பையனின் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்திருந்தது. அவர் தாடையைத் தூக்கிப் பிடித்தார். நான் ஒட்சிசன் முகமூடியை வைத்து அழுத்தினேன். எண் அசையவில்லை. கதவுக்கு வெளியே தகப்பன் இருமுவது கேட்டது. பிறகு அந்தச் சின்ன நெஞ்சு ஒருமுறை பெரிதாக ஏறி இறங்கியது. தொண்ணூறு. தொண்ணூற்றாறு.

என் பக்கம் திரும்பாமலே மயக்க மருந்து டொக்டர் சொன்னார்: "தங்கச்சி, பிள்ளை மூச்சு விடுறான், இனி நீரும் விடும்."

கடைசிப் படகு

நயினாதீவுத் தகப்பன் ஒருவர். நாலு வயது மகளுக்குச் சூத்தைப் பல் எல்லாம் நல்லபடி எடுத்தாயிற்று. ஆனால் அவள் கண் சொருகிக்கொண்டே இருந்தது. தானாக எழும்பியிருந்து பெயர் சொல்லும்வரை எந்தப் பிள்ளையையும் விடமாட்டோம். வெளியே ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். குறிகட்டுவான் இறங்குதுறையில் கடைசிப் படகைப் பிடிக்க வேண்டும்.

"நித்திரைதானே அக்கா, தூக்கிக்கொண்டு போறன்."

"ஏலாது அண்ணை."

அவர் சத்தம் போட்டார். நான் கதவை மறித்து நின்றேன். ஓட்டோ போய்விட்டது. ஒரு குடும்பத்தைத் தெருவில் விட்டுவிட்டேனோ என்று எனக்கே குறுகுறுத்தது.

கொஞ்ச நேரத்தில், கண் திறக்காமலே, பல் எடுக்கும்போது விழுங்கியிருந்த இரத்தத்தை அவள் சத்தியெடுத்தாள். சட்டென்று பக்கவாட்டில் புரட்டி வாயைத் துடைத்து எடுத்தேன். வீரிட்டு அழுதாள். தகப்பன் நிலத்தில் குந்திவிட்டார்.

"நான் படகிலை இவளை மடியிலை மல்லாக்கப் படுத்தியிருப்பன், அக்கா."

பிள்ளைகளின் பயத்தை எடுப்பதுதான் வேலை என்று சொல்லி என்னை இங்கே போட்டார்கள். எடுத்த பயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.